கனடா எப்பவுமே எல்லாரையும் வரவேத்த நாடுதானா? பையனோட ஹிஸ்டரி அசைன்மென்ட், கொஞ்சம் உதவுங்க

பிராம்ப்டன்_பாலா

வணக்கம் மக்களே. நாங்க 2018ல பிஆர்ல (நிரந்தரமா தங்கற அனுமதி) வந்து இறங்குன குடும்பம், சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். பையன் இப்போ கிரேடு 10, இங்க அந்த கிரேடுல கனடா ஹிஸ்டரி எடுத்தே ஆகணும்னு பிள்ளைங்க வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். இமிக்ரேஷன் பத்தி ஒரு அசைன்மென்ட். இவன் 1971ல ட்ரூடோ (அப்பா ட்ரூடோ) மல்ட்டிகல்ச்சரலிசம் கொண்டாந்தாரு, 2015ல இருந்து சிரியா அகதிங்களை எடுத்தாங்க, கனடா எல்லாரையும் வரவேற்கும் நாடுன்னு அழகா ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போனான். டீச்சர் மார்க் போடாம திருப்பிக் குடுத்துட்டாங்க, மேல ஒரே ஒரு வரி, "1971க்கு முன்னாடி?"

எனக்கும் ஒண்ணும் தெரியல. போன வாரம் ஒரு பொறந்தநாள் விழாவுல கேட்டுப் பாத்தேன். ஒரு பெரியவர் சொல்றாரு, அந்தக் காலத்துல கப்பல்ல வந்து இறங்குனா பேரை எழுதிக்கிட்டு உள்ள விட்ருவாங்க, இப்போதான் ஸ்கோரு, ஸ்கோரைப் பாத்து ஆள் எடுக்கற டிராவுன்னு உயிரை எடுக்கறாங்கன்னு. பக்கத்துல இருந்தவரு அதெல்லாம் சும்மா, வெள்ளைக்காரனைத் தவிர ஒருத்தனையும் விடலன்னு அடிச்சுப் பேசறாரு. ரெண்டு பேரும் கேக் வெட்டற வரைக்கும் விடல. எது சரி? பையன் ஏதாவது ஒரே விஷயத்தை எடுத்து ஆழமா எழுதணுமாம், எதை எடுக்கலாம்னும் சொல்லுங்க.

---

பனிக்கரடி76

ரெண்டு பேருமே கரெக்ட் பாஸ். வெள்ளைக்காரனா இருந்தா பேரை எழுதிக்கிட்டு உள்ள விட்டாங்க. அவ்ளோதான் ஹிஸ்டரி. வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணிருங்க.

---

லைப்ரரி_அக்கா

பனிக்கரடி, அவ்ளோ சுருக்கமா எழுதுனா அந்த டீச்சர் மறுபடியும் திருப்பித்தான் குடுப்பாங்க.

பாலா, நான் லைப்ரரில வேலை பாக்கறேன், வருஷாவருஷம் இந்த அசைன்மென்ட்டோட பசங்க வந்து நிப்பாங்க, அதனால கொஞ்சம் படிச்சு வச்சிருக்கேன். என்னைக் கேட்டா உங்க பையன் ஒரே ஒரு விதியை எடுத்துக்கட்டும். 1908 ஜனவரில கனடா அரசாங்கம் போட்ட ஒரு உத்தரவு. நம்ம ஊர் பஸ்ல "இடைநில்லா பேருந்து"ன்னு போர்டு மாட்டியிருப்பாங்கல்ல, அதே மாதிரி இதை இடைநில்லாப் பயண விதின்னு வச்சுக்கலாம். நீ எந்த நாட்டுல பொறந்தியோ, இல்ல எந்த நாட்டு குடிமகனோ, அந்த நாட்டுல இருந்து ஒரே பயணமா, நடுவுல எங்கயும் மாறாம, அங்கயே வாங்குன டிக்கெட்டோட வந்தாத்தான் இங்க இறங்க முடியும். இவ்ளோதான் விதி. படிச்சா ஏதோ ஆர்டிஓ ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கா? இந்தியான்ற வார்த்தையே அதுல கிடையாது. ஆனா இந்தியாவுல இருந்து வர்றவன் ஹாங்காங் மாதிரி ஒரு எடத்துல கப்பல் மாறித்தான் வான்கூவர் வரணும். கல்கத்தாவுல இருந்து முழு டிக்கெட் குடுத்துக்கிட்டிருந்த கனேடியன் பசிபிக் கம்பெனியையும் அரசாங்கமே சொல்லி நிறுத்த வச்சிருச்சு. அப்புறம் எங்க இருந்து வர்றது? 1904ல இருந்து 1908 வரைக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு சுமார் 5,000 இந்தியர்கள் வந்திருந்தாங்க, பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள், மரம் அறுக்கற மில்லுல வேலை. அந்த விதிக்கு அப்புறம் வரவு கிட்டத்தட்ட நின்னே போச்சு.

ஏன் இப்படி சுத்தி வளைச்சாங்கன்றதுதான் விஷயமே. 1907 செப்டம்பர்ல வான்கூவர்ல ஒரு கலவரம், சீனர், ஜப்பானியர் கடை கண்ணியெல்லாம் அடிச்சு நொறுக்கிட்டாங்க, ஆசியாக்காரனை நிறுத்துன்னு கூச்சல். ஓட்டாவாவுக்கு நிறுத்தணும், ஆனா எப்படி? ஜப்பான் அப்போ பிரிட்டனோட கூட்டாளி நாடு, அதனால அவங்ககிட்ட மரியாதையா உக்காந்து பேசி வருஷத்துக்கு 400 பேருக்கு மேல அனுப்பாதீங்கன்னு ஒப்பந்தம். சீனாவுக்கு அந்த மரியாதை கிடையாது, அவங்களுக்கு நேரா தலைவரி. தலைவரின்னதும் நாகர்கோவில்காரங்களுக்கு திருவிதாங்கூர் ஞாபகம் வரும், இதுவும் அதே ஜாதிதான். 1885ல 50 டாலர், 1900ல 100, 1903ல 500. அன்னைக்கு 500 டாலர்னா ஒரு கூலியாள் ரெண்டு வருஷம் சம்பாதிக்கற காசு. அதையும் கட்டிட்டு வந்தாங்கன்னு 1923 ஜூலை 1ல ஒரேயடியா இழுத்து மூடினாங்க, 1947 வரைக்கும் மூடியே இருந்துச்சு. அந்த 24 வருஷத்துல உள்ள விட்ட சீனர்கள் 50 பேரு கூட இல்ல. ஜூலை 1 கனடா நாள் வேற, சீனக் குடும்பங்க அன்னைக்கு கடையை மூடிட்டு அதை அவமான நாள்னு சொல்லுவாங்களாம்.

இந்தியர் கதைதான் சிக்கல். அவங்களும் அதே பிரிட்டிஷ் ராஜாவோட குடிமக்கள். பேரைச் சொல்லித் தடுத்தா பஞ்சாப்ல பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற எடத்துல நெருப்பு பத்தும்னு லண்டனுக்கு பயம். அதனாலதான் ஆளைச் சொல்லாம வழியைச் சொல்லி ஒரு விதி. கூடவே இன்னொண்ணு, மத்தவங்க கையில 25 டாலர் இருந்தா போதும், ஆசியாக்காரன்னா 200 டாலர் காட்டணும்.

இதுல யாரும் எழுதாத ஒரு துண்டு இருக்கு, பையன் இதைப் போட்டா டீச்சர் அசந்துருவாங்க. 1913ல பனாமா மாருன்னு ஒரு கப்பல்ல வந்த 39 சீக்கியர்களை திருப்பி அனுப்பச் சொன்னாங்க, அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, நீதிபதி ஹண்டர் உத்தரவையும் சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ரெண்டுலயும் வார்த்தை ஒத்துப்போகல, உத்தரவு செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்துட்டாரு. ஜெயிச்சாச்சு! அரசாங்கம் என்ன பண்ணுச்சு? ரெண்டே மாசத்துல வார்த்தையைச் சரி பண்ணி மறுபடி போட்டுருச்சு. அந்தத் தீர்ப்பை நம்பி ஆள் சேர்த்துக் கிளம்புனதுதான் கோமகட்டா மாருன்ற கப்பல். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 376 பேர், 1914 மே 23ல இருந்து ஜூலை 23 வரைக்கும் ரெண்டு மாசம் வான்கூவர் தண்ணியிலயே நிறுத்தி வச்சாங்க. ஏற்கெனவே இங்க குடியிருந்தவங்கன்னு நிரூபிச்சவங்களையும் ஒரு டாக்டர் குடும்பத்தையும் சேர்த்து 24 பேரைத்தான் இறக்குனாங்க. ஒரு ராத்திரி போலீஸ் இழுவைப் படகுல ஏறி வர, மேல இருந்து கப்பல் கரியை அள்ளி வீசியே விரட்டிருக்காங்க. கடைசில போர்க்கப்பலைக் கொண்டாந்து நிறுத்தி அனுப்புனாங்க. கல்கத்தா பக்கம் பஜ்பஜ்ல இறங்குனப்போ துப்பாக்கிச்சூடு, சுமார் 20 பேர் செத்தாங்க. 2016 மே 18ல ட்ரூடோ (மகன் ட்ரூடோ) பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டாரு.

---

கியூல_நிக்கறவன்

யாரும் கோச்சுக்காதீங்க, ஆனா ஒருத்தராவது இதைச் சொல்லணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கெல்லாம் எத்தனை நாள் அழுவீங்க? 1967ல பாயிண்ட் சிஸ்டம் வந்துருச்சு, அதுல நிறம் கிடையாது மதம் கிடையாது, படிச்சிருக்கியா, வேலை தெரியுமா, இங்கிலீஷ் வருமா, அவ்ளோதான். நான் ஐஇஎல்டிஎஸ் மூணு தடவை எழுதி, டிகிரியை அங்க இங்க அனுப்பி சீல் வாங்கி, ஊர்ல இருந்த நிலத்தை வித்து பேங்க்ல காசு காட்டி, ரெண்டு வருஷம் காத்திருந்து வந்தேன். அப்படி வர்றவனும் படகுல ஏறி நேரா வந்து நின்னவனும் ஒண்ணா? ரெண்டையும் ஒரே தராசுல வச்சு எழுதாதீங்கன்னு பையன்கிட்ட சொல்லுங்க பாலா. 2024 கடைசில, 2025க்கு எத்தனை பேரை பிஆர்ல எடுக்கறதுன்ற டார்கெட்டை 395,000க்கு குறைச்சதுக்குக் காரணமே எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு விட்டதுதான்.

---

கோண்டாவில்_காகம்

தம்பி கியூ, கோவிக்கேல்ல. நீங்கள் பட்ட பாடு பாடுதான். ஆனா ஒரு கணக்குச் சொல்லுறன் கேளுங்கோ. 1951ல கனடா மூண்டு நாட்டோட ஒப்பந்தம் போட்டது. இந்தியாவில இருந்து வருசத்துக்கு 150 பேர், பாகிஸ்தான் 100, இலங்கை 50. முழு இலங்கைக்கும், சிங்களவர் தமிழர் பறங்கியர் எல்லாரையும் சேர்த்து, வருசம் முழுக்க 50 பேர். எங்கட யாழ்ப்பாணத்து மினிபஸ்காரன் ஒரு ட்ரிப்பிலயே அதைவிடக் கூட ஏத்துவான். அந்த நேரம் எங்க போய் எந்தக் கியூவில நிக்கிறது சொல்லுங்கோ பாப்பம்.

நான் 87ல மொன்றியல் மிராபெல் எயார்போட்டில வந்து இறங்கினனான். ஓம், அகதி எண்டு கேட்டுத்தான் வந்தனான், அதில எனக்கு வெக்கமில்லை. 83 ஆடிக்குப் பிறகு ஊரில இருந்து வெளிக்கிட்ட பெடியளுக்கு விசா குத்தித் தர ஆர் இருந்தவை? எங்களுக்கு ஒரு வருசம் முதல், 86 ஆவணி 11ம் திகதி, நியூஃபவுண்ட்லாந்து செயின்ட் ஷொட்ஸ் எண்ட இடத்துக்குக் கிட்ட 155 தமிழர் ரண்டு உயிர்காப்புப் படகில மிதந்து கொண்டிருந்தவை. பனிப்புகார், குளிர், சாப்பாடு தண்ணி முடிஞ்சுது. கஸ் டால்ட்டன் எண்ட மீன்பிடிக் கப்பல் கப்டன்தான் கண்டு ஏத்தினவர். ஒரு வார்த்தை கேக்கேல்ல அந்த மனுசன், ஏத்திப்போட்டுத்தான் மற்றக் கதை. பேப்பர்க்காரர் கேட்டினம். எங்கயால வந்தனீங்கள்? இவை இந்தியாவில இருந்து நேர வந்தது எண்டு சொல்லிப்போட்டினம். பொய்தான். மேற்கு ஜேர்மனியில இருந்து வந்தவை எண்டு கொஞ்ச நாளில பிடிபட்டிட்டுது, பிறகு பேப்பர் முழுக்க ஏச்சு. ஏன் அந்தப் பொய் எண்டு நினைக்கிறியள்? ஜேர்மனி எண்டால் அங்கயே போ எண்டு திருப்பிப்போடுவாங்கள் எண்ட பயம்தான். அந்த நேரம் மல்ரோனி பிரதமர், அவர் திருப்பி அனுப்பமாட்டம் எண்டு நிண்டவர். அதை எங்கட சனம் மறக்கேல்ல. அதே 86லதான் ஐநா கனடா மக்களுக்கு, அரசாங்கத்துக்கு இல்லை, மக்களுக்கு, அகதியளுக்கு உதவினவைக்குக் குடுக்கிற நான்சன் பதக்கம் குடுத்தது, வியட்நாம் கம்போடியாச் சனம் 60,000 பேரை எடுத்ததுக்கு. சேர்ச்சுகளும் தெருவில இருக்கிற அயலவரும் காசு சேர்த்துப் பொறுப்பெடுத்துத்தான் அதில அரைவாசிக்கு மேல வந்தது. ஒரு பக்கம் அது, மறு பக்கம் பேப்பரில எங்களுக்கு ஏச்சு. நாடு எண்டால் அப்பிடித்தான், ஒரு மூஞ்சையோட இராது. அடுத்த வருசம் 174 சீக்கியர் நோவா ஸ்கோஷியாவில வந்து இறங்க, லீவில நிண்ட பார்லிமென்டை அவசரமாக் கூப்பிட்டுச் சட்டம் கொண்டு வந்தவை.

லைப்ரரி அக்கா சொன்ன 1908 கதையை வாசிச்சவுடன எனக்கு உதுதான் பளிச்செண்டு பட்டது. அப்பவும் கேள்வி எங்கயால வந்தனி. 86லயும் எங்கயால வந்தனி. 2004 மார்கழியில அமெரிக்காவோட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, அமெரிக்கா எல்லையால வந்தால் அங்கயே போய் அகதி கேள் எண்டு. 2023 பங்குனியில அதை முழு எல்லைக்கும் நீட்டிவிட்டவை. ஆர் நீ, உனக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறதுக்கு முதல் வழிதான் கேப்பினம்.

ஆனா எனக்கு அந்த ரண்டாவது கேள்வியையும் கேட்டவை, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 85க்கு முதல் அகதிக் கேஸ் எண்டால் ஒரு அதிகாரி சத்தியம் வாங்கி உங்கட கதையை எழுதுவார், அந்தப் பேப்பர் ஓட்டாவாவுக்குப் போகும், முடிவெடுக்கிற ஆள் உங்கட முகத்தைப் பாக்கிறதே இல்லை. 85 சித்திரை 4ம் திகதி சுப்ரீம் கோட் தீர்ப்புச் சொன்னது, கனடா மண்ணில நிக்கிற ஆருக்கும் நாட்டின்ர உரிமைச் சாசனத்தின்ர பாதுகாப்பு இருக்கு, நேர கூப்பிட்டு வைச்சுக் கேக்காமல் மறுக்கேலாது எண்டு. சிங் தீர்ப்பு எண்டு சொல்லுறது. கேஸ் போட்டது எங்கட ஆக்கள் இல்லை. ஏழு பேர், ஆறு பேர் இந்தியாவில இருந்து வந்த சீக்கியர், ஒராள் கயானா. கப்பலைத் திருப்பி அனுப்பி எழுபத்தொரு வருசம் கழிச்சு அதே சனத்தின்ர பேரில வந்த தீர்ப்பிலதான் எங்கட ஆயிரக்கணக்கான பெடியள் கதிரையில இருந்து தங்கட கதையைச் சொன்னவை.

என்ர விசாரணை 89க்குப் பிறகுதான் வந்தது. ரண்டரை மணித்தியாலம். ஊரை நம்பேல்ல அவை. ஒரு பேப்பரும் பென்சிலும் தந்து, கோண்டாவில் ஸ்ரேசனில இருந்து உன்ர வீட்டுக்கு என்னெண்டு போறது, கீறிக் காட்டு எண்டினம். கை நடுங்க நடுங்கக் கீறினன். ரயில்பாதை, கோயில், ஒரு கிணறு, ஒரு பனங்காணி. அந்தப் பேப்பர் இப்பவும் எங்கயோ ஒரு ஃபைலுக்குள்ள கிடக்கும்.

---

சாஸ்கட்டூன்_சாமி

நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்போதான் பாக்கறேன். காகம் அண்ணே, அந்த மேப்பு விஷயம் படிச்சுட்டு டீ ஆறிப்போச்சு.

எல்லாரும் கப்பல் கப்பல்னே பேசறீங்க, எங்க ஊர்ப் பக்கம் ஜனம் வந்தது ரயில்ல. 1885ன்னு ஒரு வருஷத்தை மட்டும் எடுங்களேன். அதுக்கு முன்ன நாலஞ்சு வருஷமா பிரிட்டிஷ் கொலம்பியா மலையைக் குடைஞ்சு ரயில் பாதை போட்டது சுமார் 15,000 சீனக் கூலிங்க, வெள்ளைக்காரனுக்கு ஒன்றரை ரெண்டு டாலர்னா இவங்களுக்கு ஒரு டாலர், வெடி வைக்கிற வேலை இவங்க தலையில. நவம்பர் 7ஆம் தேதி பாதை முடிஞ்சு கடைசி ஆணி அடிச்ச போட்டோ ரொம்பப் பிரபலம், எடுத்துப் பாருங்க, தாடியும் தொப்பியுமா பெரிய மனுஷங்க நிப்பாங்க, சீன மூஞ்சி ஒண்ணைத் தேடிக் கண்டுபிடிங்க பாப்போம். ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி ஜூலைலயே தலைவரி சட்டம் பாஸ் ஆயிருச்சு. அதே வருஷம் அதே ரயில்ல பட்டாளத்தை ஏத்திக்கிட்டு வந்துதான் இங்க பட்டோஷ்ல மேட்டி ஜனங்களை (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில வந்தவங்க) அடக்குனாங்க, அவங்க தலைவர் லூயி ரியெலை நவம்பர் 16ல ரெஜைனால தூக்குல போட்டாங்க. பட்டோஷ் என் வீட்டுல இருந்து ஒரு மணி நேரம் டிரைவ், ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போவேன், பாதிரியார் வீட்டுச் சுவத்துல குண்டு பாஞ்ச ஓட்டை இன்னும் இருக்கு, விரலை வச்சுப் பாக்கலாம். "காலி நிலம், வாங்க வாங்க"ன்னு அப்புறம் போஸ்டர் அடிச்சாங்களே, அந்த நிலம் காலியானது இப்படித்தான்.

போஸ்டர் ஆளு கிளிஃபர்ட் சிஃப்டன், 1896ல இருந்து 1905 வரைக்கும் குடியேற்றத்தைப் பாத்துக்கிட்ட மந்திரி. 10 டாலர் கட்டுனா 160 ஏக்கர், மூணு வருஷம் அங்கயே குடியிருந்து உழுது வீடு கட்டுனா பட்டா. நம்ம ஊர்ல 160 ஏக்கர்னா ஜமீன்! சிஃப்டனுக்கு டவுன் ஆளுங்க பிடிக்காது, ஆட்டுத்தோல் கோட்டு போட்ட குடியானவன், பொண்டாட்டி அரை டஜன் பிள்ளைங்களோட வந்தா அவன்தான் தரமான ஆளுன்னு பின்னாடி அவரே எழுதுனாரு. அப்படி 1914க்குள்ள உக்ரைன் ஜனம் மட்டும் சுமார் 1,70,000 பேர். முதல் குளிர்காலத்துக்கு வீடு கட்ட நேரம் இல்லாம மண்ணைத் தோண்டி மேல புல்லுக் கட்டியை அடுக்கி அதுக்குள்ள இருந்திருக்காங்க. இப்பவும் ஹைவேல போனா நடு வயல்ல வெங்காய வடிவக் கும்பம் வச்ச சர்ச்சு தெரியும், நம்ம ஊர்ல தூரத்துல இருந்து கோபுரத்தைப் பாத்து ஊரைக் கண்டுபிடிப்போமே அது மாதிரி.

வெள்ளைக்காரன்னா உள்ள விட்டாங்கன்னு பனிக்கரடி சொன்னாருல்ல, உள்ள விட்டப்புறம் கதையைக் கேளுங்க. 1914ல போர் வந்துச்சு. அந்த உக்ரைன் ஆளுங்க பாஸ்போர்ட்டுல ஆஸ்திரியான்னு இருந்துச்சு, அதனால எதிரி நாட்டுக்காரன்னு சுமார் 80,000 பேரை ரிஜிஸ்டர் பண்ணி போலீஸ்ல போய் ஆஜராகச் சொன்னாங்க, எல்லா நாட்டு ஆளையும் சேர்த்து 8,579 பேரை முகாம்ல அடைச்சாங்க, அதுல சுமார் 5,000 பேர் உக்ரைன்காரங்க. நாம லாங் வீக்எண்ட்ல போய் போட்டோ எடுக்கற பான்ஃப், அங்க ரோட்டு வேலை செஞ்சவங்கள்ல இந்த முகாம் ஆளுங்களும் உண்டு. பத்து வருஷம் முன்னாடி "தரமான ஆளு"ன்னு கூப்ட்டது இவங்களைத்தான்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் வயித்தெரிச்சல். அமெரிக்கா ஓக்லஹோமால இருந்து கறுப்பின விவசாயிங்க ஆல்பர்ட்டா பக்கம் நிலம் தேடி வந்தாங்க. 1911 ஆகஸ்ட்ல பிரதமர் லோரியே அரசாங்கம் ஒரு வருஷத்துக்கு அவங்களுக்குத் தடைன்னு உத்தரவு எழுதுச்சு, காரணம் என்னன்னா கனடாவோட தட்பவெப்பத்துக்கு அவங்க ஒத்துவர மாட்டாங்களாம். அமலுக்கு வராம அக்டோபர்ல ரத்து பண்ணிட்டாங்க, ஆனா 1952 சட்டத்துலயும் தட்பவெப்பம் ஒரு காரணமா இருந்துச்சு. மைனஸ் 34ல நின்னு கார் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டறவன் சொல்றேன், இது எந்த இனத்துக்குமே ஒத்துவராதுங்க.

---

கியூல_நிக்கறவன்

காகம் அண்ணா, அந்த 50 கணக்கு சத்தியமா எனக்குத் தெரியாது. படகு பத்தி நான் எழுதுன தொனி சரியில்ல, சாரி. ஆனா பாயிண்ட் சிஸ்டம் நியாயமான சிஸ்டம்ன்றதுல இருந்து நான் மாற மாட்டேன். அது இல்லன்னா நானும் பாலாவும் சாமியும் இங்க இருக்கோமா? அப்புறம் அமெரிக்கா ஒப்பந்தத்தையும் 1908ஐயும் ஒண்ணுன்னு சொல்றது எனக்கு ஓவராப் படுது.

---

லைப்ரரி_அக்கா

கடைசில சொன்னதுல உங்க பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. 1908 விதி ஒரு இனத்தைத் தடுக்கறதுக்குன்னே செஞ்சது, இப்போ இருக்கற ஒப்பந்தம் அகதி எந்த நாட்டுல விண்ணப்பிக்கணும்ன்றது. நோக்கம் வேற. பையன் ரெண்டையும் ஒப்பிட்டு எழுதலாம், ஒண்ணுன்னு எழுதக் கூடாது. காகம் அண்ணன் சொன்னது கேள்வி ஒரே மாதிரி இருக்குன்றது, அது சரிதான்.

பாயிண்ட் சிஸ்டம் நல்ல மாற்றம்தான், நானும் அதுல வந்தவதான். ஆனா யாரோ ஒருநாள் காலைல ஞானோதயம் வந்து கொண்டாரல. 1947 மே 1ல பிரதமர் மெக்கன்ஸி கிங் பார்லிமென்ட்லயே சொல்றாரு, குடியேற்றத்தால நம்ம ஜனத்தொகையோட குணம் அடிப்படையில மாறக் கூடாது, அதனால ஆசியாவுல இருந்து பெரிய அளவுல வேண்டாம்னு. அப்புறம் ஐரோப்பா போர்ல இருந்து தேறிருச்சு, அங்க வேலை நல்லாக் கெடைக்க ஆரம்பிச்சதும் படிச்ச தொழில் தெரிஞ்ச ஆள் இங்க வர்றது குறைஞ்சுது. இங்க ஃபேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் ஆள் வேணும். 1962ல எலன் ஃபேர்க்ளஃப் குடியேற்ற மந்திரியா இருந்தப்போ நிறத்தைப் பாக்கறதை விதியில இருந்து எடுத்தாங்க, அதுலயும் ஒரு பொடி வச்சாங்க, தூரத்துச் சொந்தத்தை ஸ்பான்சர் பண்ற உரிமை ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும், ஆசியாக்காரனுக்குக் கிடையாது. அது போனது 1967 அக்டோபர்லதான்.

அந்த 67 பாயிண்ட்டையும் பாருங்க. 100க்கு 50 எடுத்தா பாஸ். படிப்புக்கு 20, வேலைக்கு இருக்கற கிராக்கிக்கு 15, இங்கிலீஷ் பிரெஞ்சு ரெண்டுக்கும் சேர்த்து 10, இப்படி ஒன்பது தலைப்பு. அதுல "தனிப்பட்ட குணநலன்"னு ஒரு 15 மார்க், உங்க எதிர்ல உக்காந்திருக்கற ஆபீசர் உங்களைப் பாத்துட்டு அவரா போடறது. நம்ம ஊர் வைவா வோசி மாதிரி! இது போக, அப்ளிகேஷனைப் பாக்கற ஆபீஸ் ஐரோப்பாவுல நெறைய, ஆசியா ஆப்பிரிக்காவுல விரல் விட்டு எண்ணலாம். கதவு தொறந்திருந்துச்சு, கதவுகிட்ட வர்றதுக்குத்தான் பஸ் இல்ல.

டார்கெட் குறைச்சது பத்தி சொன்னீங்க. 1913ல ஒரே வருஷத்துல 4,00,870 பேர் வந்திருக்காங்க, அப்போ மொத்த ஜனத்தொகை எண்பது லட்சத்தைக் கூடத் தொடல. அடுத்த ரெண்டு வருஷத்துல போர் வந்து 40,000க்கும் கீழ விழுந்துருச்சு. அந்த 1913 ரெக்கார்டைத் தாண்ட 2021 வரைக்கும் ஆச்சு. ஏறும், இறங்கும், இதைப் பாத்து ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க.

---

பிராம்ப்டன்_பாலா

மக்களே, உண்மையாவே ரொம்ப நன்றி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பையன்கிட்ட முழு திரெட்டையும் படிச்சுக் காட்டுனேன், அவனுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டா புரியும். எப்பவும் போனை நோண்டிக்கிட்டு இருக்கறவன், பனாமா மாரு எடத்துல "வெயிட், ஜெயிச்சுட்டு அப்புறம் தோத்தாங்களா?"ன்னு நிமிந்து உக்காந்தான். பட்டோஷ் ஓட்டையைப் பாக்கணுமாம், சாமி அண்ணே சம்மர்ல உங்க வீட்டுப் பக்கம் வந்தாலும் வருவோம்.

தலைப்பு முடிவாயிருச்சு, எங்கயால வந்தனின்ற கேள்விதான். ஒரு சார்ட்டுல உலக மேப் ஒட்டி கப்பல் வழியை வரையறான், ஹாங்காங், ஷாங்காய், மோஜி, யோகஹாமா, வான்கூவர்னு கோமகட்டா மாரு நின்ன எடமெல்லாம் சிவப்பு ஸ்கெட்ச், ஜேர்மனில இருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு நீலம். இப்போ அவன் ஒரு கேள்வி கேக்கறான். காகம் அண்ணே, விசாரணையில நீங்க மேப் கீறிக் காட்டுனதை உங்க பேர் இல்லாம கடைசிப் பக்கத்துல எழுதலாமா? முடிஞ்சா அந்த வழியை எப்படிக் கீறுனீங்கன்னும் சொல்லுங்க, அவன் பென்சில்ல சின்னதா வரையணுமாம்.

---

கோண்டாவில்_காகம்

தாராளமா எழுதட்டும் தம்பி. பெடியனைக் கேட்டதாச் சொல்லுங்கோ.

ஸ்ரேசன் வாசலால வெளியில வந்து, ரயில்பாதையைக் கடந்து, கோயில் மூலையில வலப்பக்கம் திரும்ப வேணும், பிறகு கிணறு, அதுக்குப் பின்னால பனங்காணி, அதோட ஒட்டின வேலிதான் எங்கட. ஆனா அண்டைக்கு நான் பயத்தில கோயில் மூலையில இடப்பக்கம் கீறிப்போட்டன். வெளியில வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்கதான் நினைவு வந்தது, நாலு மாசம் நித்திரை இல்லை, பொய்க்காரன் எண்டு திருப்பிவிடப் போறாங்கள் எண்டு. ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. பெடியனைச் சரியா வலப்பக்கம் கீறச் சொல்லுங்கோ.